ஆளறிந்து பேச எந்த அளவுகோல்? எம்.பி.டி.ஐ., டிஸ்க், சோஷியல் ஸ்டைல், பிக் ஃபைவ்: ஓர் ஒப்பீடு

பன்னிரண்டு பேர் கொண்ட ஓர் அணி. வேலையில் யாரும் சோடையில்லை. ஆனால் திங்கட்கிழமை மீட்டிங் முடிந்த கையோடு இருவர் தனித்தனியே வந்து, "அவர் பேசுற விதமே சரியில்லை சார்" என்கிறார்கள். மூன்றாமவர் மீட்டிங்கில் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் மெயிலில் மறுக்கிறார். இப்படியான சமயத்தில் மனிதவளத் துறை பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வரும்: ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, அதையொட்டி ஒரு நாள் பயிற்சி. கொட்டேஷன் கேட்டால் எம்.பி.டி.ஐ., டிஸ்க், சோஷியல் ஸ்டைல், பிக் ஃபைவ் என்று நாலைந்து பெயர்கள் வந்து விழும். தேர்வே இல்லாமல் ஆளை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் உண்டு. அதற்கு யாரும் கொட்டேஷன் தரமாட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நோக்கம் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் எடுப்பதும் பதவி உயர்வு தருவதும் வேறு கதை. இங்கே வேண்டியது, உடன் வேலை செய்பவருக்கு விஷயம் போய்ச் சேரும்படி பேசுவது மட்டும். இதற்கு ஒருவர் ஆழ்மனதில் யார் என்பது இரண்டாம்பட்சம். எவ்வளவு வேகமாகப் பேசுகிறார், எதைக் கேட்டால் முகம் மாறுகிறது, முடிவெடுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார், கோபம் வந்தால் சத்தம் போடுகிறாரா, காணாமல் போகிறாரா என்று வெளியே தெரிவதுதான் முதலில் தேவை. பிரபலமான தேர்வுகளில் பாதி இந்த இடத்திலேயே பின்தங்கிவிடுகின்றன. அவை ஆளிடமே அவரைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னதையே அழகாக அச்சிட்டுத் திருப்பித் தருகின்றன.

எம்.பி.டி.ஐ.: பேச்சைத் தொடங்கிவைக்கும்

அதிகம் கேள்விப்படும் பெயர் இது. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் முன்வைத்த உளவியல் வகைகளை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வினாத்தாளாக உருப்பெற்றது. 1962இல் இதன் கையேடு வெளியானது. உள்முகம், வெளிமுகம் என்பதுபோல நான்கு இணைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்தில் ஒன்று, மொத்தம் 16 வகைகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் '16 பர்சனாலிட்டீஸ்' தேர்வை எழுதிவிட்டு எம்.பி.டி.ஐ. எழுதியதாகச் சொல்பவர்கள் ஏராளம். அது வேறு நிறுவனத்தின் வேறு வினாத்தாள், எழுத்துகள் மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

இதன் அடிப்படைக் கோளாறு வெட்டுக்கோட்டில் இருக்கிறது. உள்முகமா வெளிமுகமா என்ற அளவுகோலில் மனிதர்கள் இரு முனைகளிலும் கும்பலாக நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டால் 49 எடுத்தவர் 'ஐ' (உள்முகம்), 51 எடுத்தவர் 'இ' (வெளிமுகம்). அதே சமயம் 51 எடுத்தவரும் 95 எடுத்தவரும் ஒரே வகை! நடுக்கோட்டருகே நிற்பவர் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால், அன்றைய மனநிலையைப் பொறுத்து ஓர் எழுத்து எளிதில் மாறிவிடும். கோப்பையிலும் மின்னஞ்சல் கையெழுத்திலும் நான்கு எழுத்தைப் போட்டுக்கொண்ட பிறகு மாறினால் சங்கடம்தான்.

பேச்சுத்தொடர்பு என்ற நோக்கத்துக்கு இன்னொரு குறை பெரியது. காஸ்டா, மெக்ரே என்ற உளவியலாளர்கள் 1989இல் இதை ஐந்து பெரும் பண்புகளோடு (பின்னால் வரும் பிக் ஃபைவ்) ஒப்பிட்டபோது, நான்கு இணைகளும் நான்கு பண்புகளோடு பொருந்தின. ஐந்தாவதான மனக்கொந்தளிப்புக்கு, அதாவது பதற்றமும் கவலையும் எவ்வளவு சீக்கிரம் எழுகின்றன என்பதற்கு, எம்.பி.டி.ஐ.யில் இடமே இல்லை. கெட்ட செய்தியை ஒருவரிடம் எப்படிச் சொல்வது, குறையைச் சுட்டினால் எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு மிகவும் தேவைப்படும் தகவல் அதுதான். எந்த எழுத்து வந்தாலும் யாரும் வருத்தப்படாமல் சிரித்த முகத்தோடு அறையைவிட்டு வெளியேறுவதற்கும் இதே காரணம்தான்.

ஆகவே இதை ஒதுக்கிவிட வேண்டுமா? ஒருவரோடு ஒருவர் பழகாத புதிய அணியில், 'எல்லாரும் என்னைப்போல யோசிப்பதில்லை' என்று ஒரு மணி நேரத்தில் உணரவைக்க இது போதும். அதற்குமேல் காசு செலவழிப்பது வீண். ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள்.

ஏன் இவ்வளவு பேருக்கு 'அப்படியே என்னைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறது' என்று தோன்றுகிறது? பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கொரு தனிப்பட்ட ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களில் பெரும்பகுதி கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. வாரப் பத்திரிகையின் ராசிபலன் பக்கம் எப்படி ஓடுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். எந்த நிறுவனம் அறிக்கையின் மாதிரியைக் காட்டினாலும் ஒரு சோதனை செய்யலாம். பெயரை மறைத்து வேறொருவருடைய அறிக்கையை உங்கள் ஆள் ஒருவரிடம் கொடுங்கள். அவரும் 'ஆமாம், நான்தான்' என்றால் அந்த அறிக்கையில் சரக்கு இல்லை.

டிஸ்க்: நான்கு எழுத்து, பல கடைகள்

வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய நூலிலிருந்து வந்தது இந்த முறை. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டறியும் சோதனையில் ஈடுபட்டவரும், 'வொண்டர் வுமன்' சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் இவரே. ஆனால் வினாத்தாள் எதையும் அவர் தயாரிக்கவில்லை. அது பின்னால் மற்றவர்கள் செய்த வேலை. அதனால்தான் டிஸ்க் என்ற பெயரில் ஆளுக்கொரு தாள் விற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் டிஸ்க்கைப் பற்றிய ஆய்வு இன்னொரு நிறுவனத்தின் டிஸ்க்குக்குச் சான்றாகாது.

ஆதிக்கம், ஈர்ப்பு, நிதானம், நுணுக்கம் (ஆங்கிலத்தில் டி, ஐ, எஸ், சி) என்று நான்கு போக்குகளை இது அளக்கிறது. வகைகள் குறைவு, நினைவில் நிற்கும், பேச்சு நடையோடு நேரடித் தொடர்பு உண்டு. இந்த மூன்றிலும் எம்.பி.டி.ஐ.யைவிட மேல். ஆனால் பழைய பாணித் தாளில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சொற்கள் கொடுத்து, மிகவும் பொருந்துவது எது, சற்றும் பொருந்தாதது எது என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். வரும் மதிப்பெண், அவருக்குள் எது அதிகம், எது குறைவு என்று மட்டுமே சொல்லும். குமாரின் ஆதிக்கம் 70, செல்வியின் ஆதிக்கம் 55 என்று வைத்து 'குமார்தான் அதிக ஆதிக்கக்காரர்' என்று சொல்ல முடியாது. செல்விக்கு நான்குமே தூக்கலாக இருந்திருக்கலாம், தாள் அதைக் காட்டாது. பயிற்சி அறையில் சுவரில் ஒட்டும் 'அணி வரைபடம்' பெரும்பாலும் இந்தத் தப்பான ஒப்பீட்டின்மேல்தான் நிற்கிறது. சில நிறுவனங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறைக்கு மாறிவிட்டன. வாங்குவதானால் அந்த வகையை வாங்குங்கள்.

விற்பவரிடம் நாலு விஷயம் கேட்க வேண்டும். தொழில்நுட்பக் கையேடு இருக்கிறதா? ஒவ்வோர் அளவுகோலின் நம்பகத்தன்மை எண், அதாவது ஆல்ஃபா, 0.7க்கு மேல் இருக்கிறதா? மறுதேர்வு எத்தனை வார இடைவெளியில் நடந்தது? மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிடுகிறார்கள், அமெரிக்க மேலாளர்களோடா, இங்குள்ள ஊழியர்களோடா? கையேட்டுக்குப் பதில் வாடிக்கையாளர் பட்டியலை நீட்டினால் அடுத்தவரைப் பாருங்கள்.

சோஷியல் ஸ்டைல்: பார்ப்பவர் சொல்வது

நம் நோக்கத்துக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு. டேவிட் மெரில், ரோஜர் ரீட் இருவரும் 1960களில் தொடங்கி வளர்த்த முறை. வெளித்தோற்றத்தில் டிஸ்க் போலவே நான்கு கட்டங்கள். ஆனால் ஒருவர் எந்தக் கட்டம் என்பதை அவர் சொல்வதில்லை, உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அதுவும் 'நல்லவர், கெட்டவர்' என்று அல்ல, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்து.

இரண்டு கோடுகள் போதும். முதல் கோடு, ஒருவர் தம் கருத்தை எவ்வளவு அழுத்திச் சொல்கிறார் என்பது. பேச்சின் வேகம், குரலின் உயரம், கேள்வி அதிகமா கூற்று அதிகமா, முன்னே சாய்ந்து பேசுகிறாரா பின்னே சாய்ந்தா என்பவை அடையாளங்கள். இரண்டாம் கோடு, உணர்ச்சியை எவ்வளவு வெளியே விடுகிறார் என்பது. குரலில் ஏற்ற இறக்கம், முகபாவம், கையசைவு, பேச்சில் மனிதர்கள் வருகிறார்களா எண்கள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் குறுக்கே வைத்தால் நான்கு பாணிகள். ஆங்கிலத்தில் டிரைவர், எக்ஸ்பிரசிவ், அமியபிள், அனலிட்டிக்கல் என்பார்கள். இங்கே முடுக்குபவர் என்பது அழுத்திச் சொல்லி உணர்ச்சியை அடக்குபவர். பொங்குபவர் அழுத்திச் சொல்லி உணர்ச்சியையும் காட்டுபவர். அழுத்திச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டுப் பேசி உணர்ச்சியைக் காட்டுபவர் அரவணைப்பவர், அப்படியே கேட்டுப் பேசி உணர்ச்சியை அடக்குபவர் ஆராய்பவர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே செய்தியை நால்வரிடம் கொண்டுபோவதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வெள்ளிக்கிழமை போக வேண்டிய சரக்கு திங்கட்கிழமைதான் போகும் என்று வைத்துக்கொள்வோம்.

முடுக்குபவரிடம் காரணத்தில் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே பொறுமை போய்விடும். "சரக்கு திங்கள் காலைதான் கிளம்பும். ரெண்டு வழி இருக்கு. பாதியை இன்னைக்கே அனுப்பலாம், இல்லேன்னா மொத்தமா திங்கள். எது செய்யட்டும்?" என்று முடிவெடுக்கும் உரிமையை அவர் கையில் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். காரணம் வேண்டுமென்றால் அவரே கேட்பார்.

ஆராய்பவரை நடைபாதையில் மறித்து இதே வேகத்தில் கேட்டால் "பார்த்துச் சொல்றேன்" என்பார். அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவருக்கு நிஜமாகவே பார்க்க வேண்டும். எத்தனை பெட்டி பாக்கி, எந்தக் கட்டத்தில் நின்றது, திங்கள் என்ற கணக்கு எப்படி வந்தது என்று மெயிலில் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் போய் உட்காருங்கள். எண்ணில் ஒரு தப்பு இருந்தால் பேச்சு முழுவதும் அந்த எண்ணைச் சுற்றியே போகும், ஆகவே அனுப்பும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

அரவணைப்பவரிடம்தான் அதிக ஏமாற்றம் நடக்கிறது, அவர் ஏமாற்றுவதால் அல்ல. "திங்கள் ஓகேவா?" என்று கேட்டால் "சரிங்க" என்றுதான் வரும். அந்தச் 'சரி' உங்களை வருத்தப்படுத்தக் கூடாது என்பதற்கான சரி. "இதுல உங்களுக்கு எது சிரமமா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு ஐந்து விநாடி சும்மா இருங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள். சனிக்கிழமை யார் வர வேண்டியிருக்கும், அவர்களுக்கு யார் சொல்வது என்பதுதான் அவர் மனதில் ஓடும். அதற்கு நீங்களே பதில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

பொங்குபவரிடம் மெயில் வேண்டாம், போன் போடுங்கள். முதல் இரண்டு நிமிடம் அவர் கொட்டட்டும், நடுவில் திருத்த வேண்டாம். அடங்கியதும் அடுத்து என்ன என்று கேட்டால் உற்சாகமாக நாலு யோசனை சொல்வார். பேசி முடித்த கையோடு, ஒப்புக்கொண்டதை ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் புதன்கிழமை இருவருக்கும் இரண்டு ஞாபகம் இருக்கும்.

இந்த முறையின் அதிகம் பேசப்படாத பகுதி, நெருக்கடியில் ஒவ்வொருவரும் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது. அழுத்தம் ஏறும்போது முடுக்குபவர் எல்லாவற்றையும் தம் கையில் எடுத்துக்கொண்டு உத்தரவு போடுவார். பொங்குபவர் ஆளைத் தாக்கிப் பேசுவார். அரவணைப்பவர் மனதுக்குள் ஒப்பாமலே ஒத்துப்போவார். ஆராய்பவர் போனை எடுக்கமாட்டார், மீட்டிங்கைத் தள்ளிப்போடுவார். அணியில் நடக்கும் சண்டைகளில் பலவும் இந்தப் பின்வாங்கலை மற்றவர் தப்பாகப் படிப்பதால் வருபவை. ஆராய்பவர் ஒதுங்குவதை 'மதிக்கலை' என்று பொங்குபவர் எடுத்துக்கொள்கிறார், இன்னும் சத்தமாகப் பேசுகிறார், அவர் இன்னும் ஒதுங்குகிறார். அழுத்தத்தின்போது ஆளை அவர் பாணியிலிருந்து வெளியே இழுக்க முயல வேண்டாம். பேச்சை நிறுத்தி, மறுநாள் காலை ஒரு நேரம் குறித்துக்கொள்வது மட்டுமே வேலை செய்யும்.

அவரவர் வளர வேண்டிய திசையையும் மெரிலும் ரீடும் ஒற்றைச் சொல்லில் சொன்னார்கள். முடுக்குபவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், பொங்குபவர் சற்று நின்று சரிபார்க்க வேண்டும், அரவணைப்பவர் தாமாக முன்னெடுக்க வேண்டும், ஆராய்பவர் தம் முடிவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பயிற்சியில் ஒரே ஒரு பக்கம்தான் எடுத்துச்செல்ல முடியும் என்றால் இந்த நான்கு வரி போதும்.

இனி இதன் பலவீனம். பார்ப்பவரை நம்பும் முறை என்பதால், பார்ப்பவரின் கோணல் அப்படியே உள்ளே வரும். அழுத்திப் பேசும் ஆணைக் 'கறாரானவர்' என்பார்கள். அதே பேச்சைப் பெண் பேசினால் 'கோபக்காரி'. அதைவிடவும் இங்கே குழப்புவது பதவி. மேலதிகாரி முன்னால் கைகட்டி, கண்ணைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்திப் பேசுவது நம் அலுவலகங்களில் மரியாதை. அதை வைத்து ஒருவரை அரவணைப்பவர் என்று முடிவுகட்டினால், டீக்கடையில் அவர் சகாக்களை அதட்டுவதைப் பார்க்கும்போது திகைக்க நேரும். ஆங்கிலத்தில் நடக்கும் மீட்டிங்கில் வாய்திறக்காதவர் தமிழில் பேச்சு திரும்பியதும் கையை வீசிப் பேசுவதும் உண்டு. மீட்டிங்கில் ஒருமுறை, சகாக்களோடு இருக்கும்போது ஒருமுறை, வெளியாளோடு போனில் பேசும்போது ஒருமுறை என மூன்று சூழலிலாவது பார்க்காமல் யாரையும் கட்டத்தில் போடாதீர்கள்.

நிறுவனம் எதையும் அமர்த்தாமல் டீம் லீட் ஒருவரே செய்துபார்க்கலாம். இரண்டு வாரம், ஆளுக்கு ஒரு பக்கம். 'அடக்கமானவர்' என்று எழுதாதீர்கள். 'அரைமணி நேர மீட்டிங்கில் மூன்று கேள்வி கேட்டார், கருத்து சொல்லவில்லை' என்று எழுதுங்கள். இரண்டாவது ஆள் ஒருவரும் தனியே எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாதவர்களை நடுவில் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு பேரில் நாலைந்து பேர் நடுவில் நின்றால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அந்தப் பக்கத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். அது உங்கள் பேச்சை மாற்றிக்கொள்ள நீங்கள் எழுதிய குறிப்பு, அவர்களுக்கான சான்றிதழ் அல்ல. முறையாகக் கருத்துத் திரட்டுவதானால் ஒருவருக்கு ஐந்து பேராவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் யார் என்ன எழுதினார் என்பது எளிதில் தெரிந்துவிடும்.

பிக் ஃபைவ்: சரியான அளவுகோல், ஆனால் எதற்கு?

ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வார்கள். ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1936இல் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை விவரிக்கும் சொற்களாக ஏறத்தாழ 18,000ஐத் திரட்டினார்கள். அவற்றைச் சுருக்கிச் சுருக்கிப் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியவை ஐந்து பண்புகள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, வெளிமுகம், இணக்கம், மனக்கொந்தளிப்பு. கட்டங்கள் கிடையாது, ஒவ்வொன்றிலும் ஒரு எண் மட்டும்.

இந்த ஐந்தை அளக்க உளவியலாளர் கோல்ட்பர்க் தொகுத்த ஐ.பி.ஐ.பி. என்ற வாக்கியத் தொகுப்பு பொதுச்சொத்து. அனுமதியோ கட்டணமோ தேவையில்லை. 50 வாக்கியங்கள் கொண்ட தாளில் பண்புக்குப் பத்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். கூட்டும்போது ஒரு கவனம் வேண்டும். 'நான் அதிகம் பேசுவதில்லை' போன்ற எதிர்த்திசை வாக்கியத்துக்குப் போட்ட மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். எக்செல்லில் இதை மறந்து, அணியே நடுத்தரமாக இருப்பதாக அறிக்கை கொடுப்பது சாதாரணமாக நடக்கும் தவறு. பண்புக்கு 10 முதல் 50 வரை வரும். பத்தே வாக்கியங்கள் கொண்ட குறுந்தாள் ஒன்றும் 2003 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பண்புக்கு இரண்டு கேள்விதான், ஆகவே தனிநபரைப் பற்றி முடிவுசெய்ய அது போதாது. தொழிற்கூட ஊழியர்களுக்கு ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் அவர்கள் ஆங்கிலம்தான் அளக்கப்படும். தமிழாக்கி, அதை வேறொருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும்.

பேச்சுக்கு இது எங்கே உதவும் என்றால், தன்னை அறிந்துகொள்வதில். உங்கள் மனக்கொந்தளிப்பு எண் உயர்ந்து இருந்தால், பதில் வராத மெயிலை நீங்கள் மோசமாகவே வாசிப்பீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம், இரவில் பதில் எழுதாமல் காலைக்கு வைக்கலாம். இணக்கம் தாழ்ந்திருந்தால் உங்கள் 'வெளிப்படையான பேச்சு' அடுத்தவர் காதில் எப்படி விழுகிறது என்று நம்பகமான ஒருவரைக் கேட்கலாம். பொறுப்புணர்வில் நீங்கள் 45, உங்கள் ஆள் 28 என்றால் கெடு தேதி என்பது உங்களுக்குச் சத்தியம், அவருக்கு உத்தேசம். இடையில் ஒரு சரிபார்ப்பு நாள் வைத்தால் சண்டை குறையும். ஆனால் எதிரில் இருப்பவரிடம் தாளை நீட்டி எண்ணை வாங்கிப் பேச்சை அமைத்துக்கொள்வது நடைமுறையில் நடக்காது. அப்படிக் கேட்கவும் கூடாது. மனக்கொந்தளிப்பு எண் வெளியே கசிந்தால் அடுத்த பதவி உயர்வுப் பேச்சில் அது வந்து நிற்கும்.

பண்பு எண் எவ்வளவு துல்லியமானாலும் சராசரிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வில்லியம் ஃப்ளீசன் என்ற உளவியலாளர் 2001இல் ஆட்களை ஒரே நாளில் பலமுறை கேட்டு அளந்தபோது, ஒரே ஆளின் நடத்தை நேரத்துக்கு நேரம் வெகுவாக மாறுவது தெரிந்தது. உள்முகமானவரும் நாளில் சில மணி நேரம் வெளிமுகமாகவே நடந்துகொள்கிறார். பலநாள் சராசரி மட்டும் நிலையாக நிற்கிறது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவர் எப்படி இருப்பார் என்று சராசரி சொல்லாது.

கேட்டுவிடுவது

கடைசி வழி, தேர்வே இல்லாமல் அணியில் ஒவ்வொருவரையும் நேரடியாகக் கேட்டு எழுதவைப்பது. ஒரு பக்கம், ஆறு கேள்வி. அவசரம் என்றால் போனா, வாட்ஸ்அப்பா, நேரிலா? சாதாரண மெயிலுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் எதிர்பார்க்கலாம்? ஒரு யோசனையைக் கேட்கும்போது முதலில் வேண்டியது முடிவா, விவரமா? தவறைச் சுட்டுவதென்றால் எங்கே, எப்படி? எந்த நேரத்தில் குறுக்கிடக் கூடாது? நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

விலை இல்லை, எல்லோருக்கும் பொருந்தும் வாசகத்தில் ஏமாறும் ஃபோரர் பொறியும் இல்லை, மறுநாள் காலையே பயன்படும். கெடும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேலதிகாரி கடைசியில் எழுதுவது. அவர் முதலில் எழுதி, அதில் தமக்கு எரிச்சல் தரும் ஒன்றை உண்மையாகப் போட்டால்தான் மற்றவர்கள் நிஜத்தை எழுதுவார்கள். இன்னொன்று, மனிதர்கள் தாங்கள் விரும்ப வேண்டியதை விருப்பமாக எழுதுவது. 'நேரடியாகச் சொல்லுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்' என்று எழுதாதவர் யார்? அதனால் நான்காம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: 'கடைசியாக யாரோ உங்கள் தவறைச் சொன்னபோது நன்றாக இருந்ததா? அவர் எப்படிச் சொன்னார்?' விருப்பத்தைக் கேட்டால் கிடைப்பதைவிட நடந்ததைக் கேட்டால் கிடைக்கும் பதில் நம்பத்தக்கது.

எந்த அணிக்கு எது

முதலில், இது ஆளுமைப் பிரச்சினைதானா என்று பாருங்கள். இருவர் எல்லா விஷயத்திலும் மோதுகிறார்களா, அல்லது விலை நிர்ணயம் வரும்போது மட்டும் மோதுகிறார்களா? இரண்டாவது என்றால் இறுதி முடிவு யாருடையது என்று தீர்மானிக்கப்படவில்லை. எந்தத் தேர்வும் அதைச் சரிசெய்யாது. யார் எதை முடிவுசெய்வது என்று எழுதிக் கையெழுத்திடுவதே மருந்து.

முகம் தெரியாத புதிய அணிக்கு ஆறு கேள்விப் பக்கம் போதும். பட்ஜெட் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது, செலவழித்தே ஆக வேண்டும் என்றால் மதிப்பெண் முறை டிஸ்க் வாங்கி, அணி வரைபடத்தை மட்டும் தவிர்த்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை செய்து, கசப்பும் சேர்ந்துவிட்ட அணிக்கு சோஷியல் ஸ்டைல்தான் சரி, ஏனென்றால் அங்கே ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி நினைப்பதற்கும் மற்றவர்கள் காண்பதற்கும் உள்ள இடைவெளிதான் நோய். ஆனால் அந்த அணியில் யார்மீதாவது விசாரணையோ ஆட்குறைப்புப் பேச்சோ ஓடிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஆயுதமாகும். தலைமைப் பொறுப்புக்கு வரும் ஒருவருக்குத் தனியாக பிக் ஃபைவ் கொடுத்து, அவரோடு மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். எம்.பி.டி.ஐ.யைப் பணம் கொடுத்து வாங்க ஒரு காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

எதை எடுத்தாலும் ஒரு விதியைப் பயிற்சி நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பாணியின் பெயரைத் தனக்குச் சாக்காகவோ அடுத்தவருக்குப் பட்டமாகவோ பயன்படுத்தக் கூடாது. "நான் முடுக்குபவன், அப்படித்தான் பேசுவேன்" என்பதும், "அவ அரவணைப்பவதானே, ஒத்துக்குவா" என்பதும் முதல் வாரத்திலேயே வரும். வந்ததும் அங்கேயே நிறுத்தாவிட்டால் பயிற்சிக்கு முன்பிருந்ததைவிட நிலைமை மோசமாகும். அதேபோல, பயிற்சி முடிந்த உற்சாகத்தில் அடுத்தவரின் பாணியை அப்படியே நடிக்கப் போகிறவர்கள் இருப்பார்கள். அமைதியான ஆள் திடீரென்று கையை வீசிப் பேசினால் யாருக்கும் நம்பிக்கை வராது. மாற்ற வேண்டியது ஒன்றோ இரண்டோதான்: வரிசை, வேகம், எழுத்தா பேச்சா.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, பயிற்சி முடிந்த அன்று நிரப்பும் கருத்துப் படிவம் உதவாது. அன்று சாப்பாடு நன்றாக இருந்தாலே 5க்கு 4 வரும். பயிற்சிக்கு முந்தைய மாதத்தில் ஒரே விஷயத்துக்காக எத்தனை மெயில்கள் திரும்பத் திரும்பப் போயின, மீட்டிங்கில் ஒத்துக்கொண்டு பிறகு மாறிய முடிவுகள் எத்தனை என்று இரண்டை மட்டும் எண்ணி வையுங்கள். எட்டு வாரம் கழித்து அதே இரண்டை மறுபடி எண்ணுங்கள். எண்ணுபவர் பயிற்சியை ஏற்பாடு செய்தவராக இருக்க வேண்டாம்.